மிளகு செத்தது, கோகா பிழைத்தது

சான் ரோக்கே, புத்துமாயோ
ஆகஸ்ட் 9, 2002

என் புருஷன் வில்மாருக்கு,

நானும் நம் மகள் யெய்மியும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்களைப்போலப் பொய் எழுத எனக்குக் கைவராது.

செவ்வாய்க்கிழமை மூன்று விமானங்கள் வந்தன. காவலுக்கு ஹெலிகாப்டர் வேறு. கொக்கெய்ன் காய்ச்சுகிற கோகாச் செடியைக் கொல்கிற மருந்தை நம் நிலத்தின்மேல் ஊற்றிவிட்டுப் போனார்கள். நம்மிடம் கோகா ஏது? போன வருஷம் மேயர் முன்னால் கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினோமே! அதற்குப் பதிலாக அரசாங்கம் கொடுத்த மிளகுக்கொடி முழுக்கக் கருகிவிட்டது. வாழை துவண்டு கிடக்கிறது. யெய்மிக்கு உடம்பெல்லாம் தடிப்பு.

பக்கத்து நிலத்து ஃபெர்னேய், விமானம் போன கையோடு மகன்களோடு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார். கோகாச் செடியைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் விஷம் வேருக்கு இறங்காதாம். மூன்று மாதத்தில் தளிர்க்குமாம். "யோக்கியமா மிளகு போட்டியே நொரால்பா, இப்ப என்னத்த வெட்டுவ?" என்று சிரிக்கிறார்.

அதைவிடப் பெரிய கூத்து இது. விமான ஓடுபாதைக்குச் சிமெண்ட் குழைக்கப் போகிறேன் என்றுதானே கிளம்பினீர்கள்? படகுக்கார எலியேசர் அங்கே உங்களைப் பார்த்திருக்கிறார். "உன் புருஷன் முகமூடி மாட்டிக்கிட்டு விமானத்துக்கு மருந்து ஏத்திக்கிட்டிருந்தாம்மா" என்கிறார். உண்மையா? ஒரே வார்த்தையில் பதில் போடுங்கள்.

நொரால்பா

புளோரென்சியா
ஆகஸ்ட் 21, 2002

நொரால்பா,

உண்மை. திருப்தியா?

ஏற்றுவது மட்டும்தான் என் வேலை. ஓட்டுகிறவன் அமெரிக்காக்காரன். எந்த நிலம் என்று படம் போட்டுக் கொடுப்பதும் அவன் ஆட்கள்தான். நம் நிலத்துக்குப் போகிறோம் என்று என் காதில் வந்தா சொன்னார்கள்? கோகா விற்ற காலத்தில் தையல் மெஷின் வாங்கித் தந்தேனே, அன்றைக்கு ஏன் வாயே திறக்கவில்லை நீ?

நஷ்டஈட்டுக்கு மனு கொடு. யெய்மியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டு, எங்களுக்கு இங்கே அதைத்தான் சொல்கிறார்கள். டிசம்பரில் வருகிறேன். மிச்சத்தை நேரில் கத்து.

வில்மார்

சான் ரோக்கே
அக்டோபர் 3, 2002

வில்மாருக்கு,

மனு திரும்பி வந்துவிட்டது. இருபது மீட்டர் தள்ளி கோகா இருப்பதால் நம் நிலமும் கோகா நிலம்தானாம். நல்ல நியாயம்! கோகாப் பொடியை மூக்கில் உறிஞ்சுகிறவனும் அமெரிக்காக்காரன், மேலேயிருந்து மருந்து ஊற்றுகிறவனும் அமெரிக்காக்காரன். தடிப்பு மட்டும் என் பிள்ளைக்கு.

இப்போது அரசாங்கத்தோடு சண்டை போடுகிற காட்டுக்காரர்கள் துப்பாக்கியோடு வீடு வீடாக வருகிறார்கள். கோகாவுக்கு வரி வாங்கித் தின்கிறவர்களுக்கு விமானம் வந்தால் வயிறு எரியாதா? "விமானக்காரனுக்கு வேலை பார்க்குறவன் எந்த வீட்டுல இருக்கான்?" இதே கேள்விதான். கீழ்க்கரையில் அந்த விமானங்களுக்கு எரிபொருள் லாரி ஓட்டியவனைத் தேவாலய வாசலிலேயே சுட்டுவிட்டார்கள். அவன் வீட்டையும் கொளுத்தினார்கள்.

வராதீர்கள். உங்கள்மேல் பாசம் பொங்கி இதை எழுதவில்லை.

நொரால்பா

புளோரென்சியா
நவம்பர் 4, 2002

நொரால்பா,

என் வீட்டுக்கு வர எவனைக் கேட்க வேண்டும்? அந்தப் பொடியன்களுக்குப் பயந்து நான் என் பிள்ளையைப் பார்க்காமல் இருக்க வேண்டுமா? இல்லை, ஃபெர்னேய்க்கு நான் இடைஞ்சலா? எனக்கும் காது இருக்கிறது.

டிசம்பர் 23-ஆம் தேதிப் படகில் வருகிறேன். யெய்மியைத் துறைக்குக் கூட்டி வா.

வில்மார்

சான் ரோக்கே
டிசம்பர் 6, 2002

வில்மாருக்கு,

ஃபெர்னேயைப் பற்றி எழுதிய கை அழுகிப்போகட்டும். அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

போன மாதம் காட்டுக்காரர்களின் தலைவன், மீசை முளைக்காத பயல், வாசலில் வந்து நின்றான். "உம் புருஷன் எங்கம்மா?" என்றான். "செத்துட்டாரு. புளோரென்சியாவுல காய்ச்சல்ல" என்றேன். வாயில் அதுதான் வந்தது. "செத்தவனுக்கு ஒன்பது நாள் ஜெபம் வைக்கலையே?" என்றான். "சேதி நேத்துதான் வந்துச்சு. இன்னிக்குச் சாயங்காலம் ஆரம்பிக்கிறோம்" என்றேன்.

வைத்தோம். மேசையில் நம் கல்யாணப் படம், மெழுகுவத்தி, ஆவிக்குத் தாகம் தீர ஒரு தம்ளர் தண்ணீர். எல்லாம் தெரிந்தும் ஃபெர்னேய்தான் ஒன்பது நாளும் ஜெபம் சொன்னார். வாய் தவறியிருந்தால் அவர் தலைதான் முதலில் போயிருக்கும். அந்தப் பயல் இரண்டு நாள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பியைக் குடித்தான். நான் அழுதேன். அழுவது கஷ்டமாக இல்லை, உங்களை நினைத்து அழ எனக்கு நிறையவே இருந்தது.

யெய்மியிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஏழு வயது, வாய் நிற்காது. "அப்பாவுக்கு இன்னும் தாகமா இருக்குமா?" என்று கேட்டுக் கேட்டு அவளேதான் தம்ளரை நிரப்பினாள். ஒன்பதாம் நாள் உங்கள் ஆவியை வெளியே அனுப்பக் கதவைத் திறந்துவிட்டதும் அவள்தான். அதற்குப் பிறகு தூங்குகிறாள், சாப்பிடுகிறாள். தடிப்பும் குறைந்துவிட்டது.

அந்தப் படகில் ஏறினால் நீங்கள் மட்டும் சாகமாட்டீர்கள். பொய் சொன்ன என்னையும், ஜெபம் சொன்ன ஃபெர்னேயையும் சேர்த்தே சுடுவார்கள். யெய்மி மட்டும் மிஞ்சுவாள். யாரிடம்?

இனி எழுதாதீர்கள். எழுதினாலும் எலியேசர் தன் படகில் கடிதத்தை வாங்கி வரமாட்டார், சொல்லிவிட்டேன்.

வில்மாரின் விதவை
நொரால்பா