முனுசாமிக்கு மட்டும் ஒன்றுமில்லை

மார்ச் 5, செவ்வாய்

கூட்டாளி முனுசாமியின் காரில் இரண்டு பேரும் கிளினிக் போனோம். பெண்டாட்டி செத்ததிலிருந்து அவனுக்கும், மெர்லிமாவ் டவுனில் வைத்திருந்த கடையை மூடிவிட்டு நான் சுவரைப் பார்த்துப் படுத்ததிலிருந்து எனக்கும் ஒரே மாத்திரை. மனசுக்கு. நான் அதற்குச் சிரிப்பு மாத்திரை என்று பெயர் வைத்திருக்கிறேன். காத்திருந்தபோது அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தான். ஒன்றை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன். பெயர் கூப்பிட்டதும் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு போனான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

டாக்டரம்மா மலாய்க்காரப் பெண். இரண்டு பேரும் தேறிவிட்டோமாம், மாத்திரையை மெதுவாக விடலாமாம். "பாக்சிக், பூலான் இனி மாக்கான் செபாரு" என்றார். பெரியவரே, இந்த மாதம் பாதி சாப்பிடு என்கிறார். இதுகூடப் புரியாதா எனக்கு? மருந்துக் கவரில் என்னவோ எழுதியிருந்தது. "படிச்சுச் சொல்லட்டுமா?" என்று பெத்தம்மா கேட்டாள். பெண்டாட்டி படித்துச் சொல்லியா நான் மருந்து சாப்பிட வேண்டும்?

மார்ச் 15, வெள்ளி

பாதி மாதம் சாப்பிட்டாயிற்று. இன்றோடு நிறுத்தம். மிச்ச மாத்திரை அலமாரியில். முனுசாமிக்குப் போன் போட்டு, யார் முதலில் மாத்திரையை விட்டு முடிக்கிறோம் பார்ப்போம் என்று பந்தயம் கட்டினேன். "நான் டாக்டர் சொன்ன மாதிரி செய்றேன்லா" என்றான். நானும் அப்படித்தானே.

மார்ச் 19, செவ்வாய்

கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது. ஒரு கணம் எல்லாம் நின்று மறுபடி ஓடுகிறது. எழுந்தால் தலை சுற்றல். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சட்டை நனைகிறது.

மத்தியானம் முனுசாமி சாப்பிட வந்தான். தனியாளாக ஆனதிலிருந்து தினமும் இங்கேதான் சாப்பாடு, பெத்தம்மாவின் கட்டளை. கை கழுவும்போது பாட்டு வேறு.

"ஒனக்கு மண்டையில கரண்டு அடிக்குதாடா?"

"கரண்டா? இல்லையே. லேசாத் தலைவலி, அவ்வளவுதான். தூக்கம் நல்லா வருது."

"முனுசாமி அண்ணன் மூஞ்சில ஒரு களை வந்திருச்சு, பாத்தீங்களா" என்கிறாள் பெத்தம்மா. என் மூஞ்சி என்ன, தேய்ந்த டயரா? அதே டாக்டர், அதே மாத்திரை. அவனுக்கு மட்டும் எப்படி?

மார்ச் 22, வெள்ளி

டிவியில் சோப்பு விளம்பரம் பார்த்து அழுதேன். சோப்புக்கு.

தூங்கினால் சினிமா மாதிரி கனவு. எல்லாவற்றிலும் முனுசாமி வருகிறான். சிரித்துக்கொண்டே வருகிறான். நோன்பு மாதச் சந்தையான பாசார் ரமலானில் வாங்கியதாம், பெத்தம்மாவுக்குக் கறி வைத்த முர்தபா ரொட்டி கொண்டுவந்து கொடுத்தான். "அண்ணனுக்கு எவ்வளவு ஞாபகம்" என்றாள். நான் முர்தபா வாங்கிக் கொடுத்ததே இல்லையா? யோசித்துப் பார்த்தேன். இல்லைதான். இருந்தாலும்.

மார்ச் 24, ஞாயிறு

போயிட்டா.

பெரிய மீன் துண்டைப் பெத்தம்மா முனுசாமி தட்டுலதான் போட்டா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். மண்டையில சுரீர்னுச்சு. "அவன் வூட்லயே போய்ப் பொங்கிப் போட வேண்டியதுதானே"ன்னு கத்திட்டேன். தட்டையும் தள்ளிட்டேன். குழம்பு முனுசாமி சட்டையில. எப்பவும் நான் கேலி பண்ணுனா ரெண்டு பேரும் சிரிப்பாங்க. இன்னைக்கு ஒருத்தரும் சிரிக்கல. இது கேலி இல்லன்னு எனக்கே தெரியும்.

"நீங்க இப்படிப் பேசுறதா இருந்தா இந்த வூட்ல எனக்கு வேலையில்ல." அவ்வளவுதான் சொன்னாள். பை கட்டினாள். புலாவ் செபாங்கில் மகள் நளினி வீட்டுக்கு. கொண்டுபோய் விட்டது யார்? அவன்தான். அவன் காரில்தான்.

மார்ச் 25, திங்கள்

சோறு வைத்தேன். அடிப்பிடித்தது. போன் போட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

காலையில் குளியலறை வாசலில் விழுந்தேன். அடி ஒன்றும் பெரிதில்லை. எழத்தான் முடியவில்லை. சோற்றுப் பொட்டலத்தோடு வந்த முனுசாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து தூக்கினான். கிளினிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் நான் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தேன்.

டாக்டரம்மா, மாத்திரையை எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டார். வெட்டுவதா? எதை? முனுசாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் தினம் காலையில் பெண்டாட்டியின் பாக்குவெட்டியால் மாத்திரையை இரண்டாக வெட்டிப் பாதியைத்தான் விழுங்குகிறானாம். 'செபாரு' என்றால் மாத்திரையில் பாதி. நான் மாதத்தில் பாதி என்று எடுத்துக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறேன். கரண்ட், வேர்வை, அழுகை, கோபம் எல்லாம் அதனால் வருமாம். டாக்டரம்மா திட்டவில்லை. பாதி மாத்திரையிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும், குறைப்பதைத் தன்னைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்றார்.

முனுசாமி சிரிக்கவில்லை. நான் அவனாக இருந்திருந்தால் மெர்லிமாவ் பூராவும் சொல்லிச் சிரித்திருப்பேன். அவன் சிரிக்காததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஏப்ரல் 6, சனி

கரண்ட் குறைந்துவிட்டது. எப்போதாவதுதான். பெத்தம்மாவிடம் நீ பேசு என்று முனுசாமியிடம் கேட்டேன். அவனிடம் போய்க் கேட்பதற்கு எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நான் பேசமாட்டேன்டா மாயாண்டி. ஓம் பொண்டாட்டி. நீ போ. வேணுமுன்னா கார்ல கொண்டுபோயி விடுறேன்."

ஏப்ரல் 7, ஞாயிறு

போனேன். முனுசாமி காரிலேயே உட்கார்ந்திருந்தான். செபாரு கதையை மறைக்காமல் சொன்னேன். பெத்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நளினி மூடவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். "மீன் துண்டுக்குச் சண்டை போட்ட மனுசன் நீங்க ஒருத்தர்தான்" என்றாள் பெத்தம்மா. உடனே கிளம்பவில்லை. வருவேன் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, சனி

நேற்றுச் சாயங்காலம் நளினி கொண்டுவந்து விட்டாள்.

இன்று காலை கீரை ஆய்ந்துகொண்டே பெத்தம்மா சொன்னாள். அன்றைக்கு அவளை மகள் வீட்டில் விடப்போகும்போது, முனுசாமி குழம்புக் கறைச் சட்டையோடுதான் கார் ஓட்டினானாம். சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னானாம். "கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு அவனுக்கு ஒரு ஆள் இருக்கு, தங்கச்சி. எனக்கு அதப் பாத்தாப் பொறாமையா இருக்கு."

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். பாசாரில் வாங்கிய மீனைக் கழுவிக் கொடுத்தேன்.

மணி ஒன்று தாண்டிவிட்டது. சாப்பாட்டுக்கு முனுசாமி கார் சத்தத்தைக் காணோம். இரண்டு தடவை கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.