பெய்ஜிங் வந்து சேர்ந்தோம்

ஸோயாக் கண்ணு,

இர்குத்ஸ்கில் ஏறிய ரயில் ஒருவழியாக பெய்ஜிங் வந்து சேர்ந்தது. எல்லையில் சீனத் தண்டவாளத்துக்கு ஏற்றபடி சக்கரம் மாற்ற, ரயில் பெட்டியை அப்படியே தூக்கியபோது அப்பா என் கையை விடவேயில்லை. பயணத்தில் தூக்கமில்லை, அவ்வளவுதான்.

இங்கே மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பாய்கின்றன. அதனால்தான் இன்று காலை அவ்வளவு பயந்தேன். விடுதியில் நான் வெந்நீர் பிடித்து வருவதற்குள் அப்பாவைக் காணோம். தெருத்தெருவாக ஓடினேன். பூங்காவில், பாட்டுப் போட்டு ஆடும் சீனப் பெண்களின் அருகே உட்கார்ந்திருந்தார். ஒருத்தி அவருடைய கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க என்ன பண்றீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு!"

"கோவிச்சுக்காதீங்கம்மா. என் பொண்டாட்டி வெந்நி எடுக்கப் போனா. நீங்க பாத்தீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துடுவாங்க" என்றேன்.

பயப்படாதே, அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். நீ மட்டும் உடனே கிளம்பி வா.

அம்மா