வடமுனையில் எடுக்காத படம்

அன்புள்ள ஆஸ்லாக்,

தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கிறதா? போடோ துறைமுகத்தில் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது, "குடல்வால்தானே, உயிரா போயிடும்? நம்ம தேனிலவை நீயாவது பார்த்துட்டு வா" என்றாய். நானும் கப்பலேறிவிட்டேன். அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் குன்வோர் அம்மா முதல் நாளே, "மாப்பிள்ளை எங்கேம்மா?" என்றாள். "தூங்குறார்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் உனக்கென்று ஒரு தட்டு மீனை மூடிக் கொடுக்கிறாள். அறையில் உட்கார்ந்து அதையும் நானே சாப்பிடுகிறேன்.

இன்று கரையிறக்கிப் பேருந்தில் நார்வேயின் வடகோடிப் பாறைமுனையான வடமுனைக்குக் கூட்டிப்போனார்கள். பாறை விளிம்பில் நின்ற ஒரு புதுஜோடி படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். "உங்களையும் எடுக்கட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"அவர் வரட்டும்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்து குன்வோரிடம் உண்மையைச் சொன்னேன். "அடி பைத்தியமே, அவன் அங்கே தனியா படுத்திருக்கான், உனக்கு இங்கே என்னடி வேலை?" என்று திட்டினாள். திட்டு வாங்கியது நிம்மதியாக இருந்தது.

நாளை கிர்கனெஸ் துறைமுகத்தில் இறங்கி விமானம் பிடிக்கிறேன். இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து தருவேன். ஏன் பாதியில் வந்தாய் என்று மட்டும் கேட்காதே.

உன் மனைவி