முதலில் கை, பிறகு வாய்

பீரோவின் அடித்தட்டைத் துடைக்கும்போது உன் காது மிஷின் கையில் அகப்பட்டது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, சட்டைப் பையில் மாட்ட ஒரு கிளிப்பு, காது வரை போகும் வயர். பாட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம்.

"இன்னும் எம்புட்டு நாளைக்கு இந்தக் கண்றாவிய வச்சிருக்கப் போறிய? அந்த அண்ணன் ஒரு நாளாவது இத மாட்டுனாரா?" என்று என் மனைவி கேட்டாள்.

நீ மாட்டவில்லை. அதனால்தான் வைத்திருக்கிறேன். எறியவும் மனம் வரவில்லை, பார்த்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் பெயரை இதில் எழுதப்போவதில்லை. ரேஷன் கார்டில் இருந்த பெயரை நீ உன்னுடையதாக நினைத்ததே கிடையாது. காதோரம் இரண்டு விரலால் இழை திரித்துக் காட்டினால் அது நீ. இராஜபாளையத்து மில்லில் அறுந்த நூலை ஒட்டுவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் நம் காது கேளாதோர் சங்கம் உனக்கு வைத்த பெயர். மில் இரைச்சலில் காது கேட்கிறவன், கேட்காதவன் எல்லாரும் ஒன்றுதான்; மேஸ்திரிகூடக் கையாட்டித்தான் வேலை வாங்குவார். பக்கத்து மிஷினில் நின்ற நான் மூன்று வருடத்தில் உன் கைமொழியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நீ வைத்த பெயர் மீசை. உதட்டுக்கு மேல் இரண்டு விரலால் ஒரு முறுக்கு, அவ்வளவுதான். அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஞாயிறுதோறும் பூட்டிக் கிடக்கும் ஓர் அரிசி மண்டி வாசலில் மத்தியானம் கூடுவோம். இருட்டினால் கைகள் தெரியாது, பேச்சு நின்றுவிடும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே சண்டைகளை எல்லாம் போட்டு முடித்துவிடுவோம். நீ தலைவர். காது கேட்கிற ஒரே உறுப்பினர் நான். மனு எழுதவும் அதிகாரிகளிடம் உங்கள் கைகளுக்கு வாயாக இருக்கவும் என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்.

நம் கோரிக்கை ஒன்றே ஒன்று. அது தங்கச்சியால் வந்தது. உன் மனைவியை நான் அப்படித்தான் சொல்வேன், அவளுக்கும் காது கேட்காது. முதல் பிரசவத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டினார்கள், கைநாட்டு வைத்தாள். குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். எட்டு மாதம் கழித்து வேறொரு டாக்டரம்மா படம் வரைந்து காட்டியபோதுதான் தன் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. உயிரைக் காப்பாற்றத்தான் எடுத்தார்களாம். இருக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து நின்று கைகளால் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சொல்லியிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் சொல்லவில்லை." அன்றே முடிவு செய்தோம். ஆஸ்பத்திரியில் கைமொழி தெரிந்த ஒருவர் வேண்டும்.

எண்பதுகளில் பாதி நமக்கு அந்த மனுவோடு அலைவதிலேயே போயிற்று. இன்று போய் நாளை வா. நாளைக்குப் போனால் அய்யா கேம்ப். கடைசியில் ஓர் அதிகாரி உட்காரச் சொன்னார். உன் கைகள் கேட்டதை எல்லாம் நான் சொல்லி முடித்தேன். அவர் உன்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆள் எல்லாம் போட முடியாதுங்க. காது மிஷின் வந்திருக்கு, எல்லாத்துக்கும் குடுத்திரலாம். சரிதானே?"

நான் எழுந்தேன். "ரொம்ப சந்தோஷம் சார். பெரிய உதவி சார்" என்று இரண்டு கையையும் கூப்பினேன். கூப்பிய கையால் உனக்கு எதைச் சொல்ல முடியும்? நீ என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். உன் கைகள் அவ்வளவு மெதுவாக அசைந்து நான் பார்த்ததில்லை. "என் மனைவிக்கு அவர்கள் செய்ததை எனக்கு நீ செய்துவிட்டாய்." கிடைப்பதை வாங்கிக்கொள்வோம், மற்றதைப் பிறகு கேட்போம் என்று நான் சமாளிக்கப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குமேல் உன்னிடம் எவனும் பேச முடியாது.

மேடை போட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்து மிஷின் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்ட நம் ஆட்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மீதிப் பேருக்கு வெறும் இரைச்சல். அடுத்த மனு திரும்பி வந்தது: கோரிக்கை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டது. என் ஒரு வார்த்தையால் மூடிய ஃபைல். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு சங்கம் எனக்குப் புதுப் பெயர் வைத்தது. மூடிய உதட்டின் மேல் ஒரு விரல். ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள், தங்கச்சி உட்பட. கூடவே ஒரு விதி: முதலில் கை, பிறகு வாய். உங்கள் கை இறங்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. நான் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வரவில்லை. நீயும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன்.

நீ போய் மூன்று வருடமாகிறது. தகவல் கிடைத்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உன் கைகள் இரண்டையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். "கைய ஆட்டிக்கிட்டே இருக்காரு, ட்ரிப்ஸ் ஊசி நிக்க மாட்டேங்குது" என்றாள் நர்ஸ். "ஏம்மா, அவர் பேசுதாரு! வாயக் கட்டிப்போட்டு வச்சிருக்கியம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. வலது கையை அவிழ்த்தேன். டாக்டர் என்னிடம் கேட்டார்: "உடனே ஆபரேஷன் பண்ணணும். சம்மதமா?" என் வாய் திறந்தது. நீ விரலை உதட்டில் வைத்து என்னைப் பார்த்தாய். பிறகு கால்மாட்டில் நின்ற தங்கச்சியைக் காட்டினாய். நான் அவளிடம் சொன்னேன், அவள் உன்னிடம் கேட்டாள், நீ தலையசைத்தாய், அவள் கைநாட்டு வைத்தாள். நீ பிழைக்கவில்லை.

தொண்ணூறுகளும் முடியப்போகின்றன. இப்போது தங்கச்சிதான் தலைவர். போன வாரம் அதே கோரிக்கையோடு போனோம். ஆள் மாறியிருக்கிறார், மேஜை மாறவில்லை. கிளார்க் ஃபைலைத் தட்டினார்: "இது பழைய கேஸு சார். மிஷின் குடுத்து முடிச்சாச்சு." அதிகாரி என்னைப் பார்த்தார். "செத்த நேரத்துல எனக்கு மீட்டிங். நீங்களே சுருக்கமாச் சொல்லிருங்க. புது மாடல் மிஷின் வந்திருக்கு, வாங்கிக்கிறீங்களா?"

சரி என்ற சொல் தொண்டை வரை வந்தது, என்ன ஜென்மமோ. விழுங்கிக்கொண்டு கையால் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள், பிரசவத்திலிருந்து உன் கட்டில் வரை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கை இறங்கிய பிறகுதான் நான் வாய் திறந்தேன். "மிஷின் வேண்டாங்காங்க சார். ஆள் வேணுமாம்." யோசிப்போம் என்று ஃபைலை மூடினார். எத்தனையாவது யோசனையோ!

படியிறங்கும்போது தங்கச்சி என் தோளைத் தட்டி, உதட்டுக்கு மேல் இரண்டு விரலால் ஒரு முறுக்கு முறுக்கினாள். பழைய பெயரைத் திருப்பிக் கொடுக்கிறாளாம். நான் தலையாட்டி மறுத்துவிட்டு, மூடிய உதட்டின் மேல் விரலை வைத்தேன். நீ கடைசியாக என்னைக் கூப்பிட்ட பெயர் அது.