ஜெபாவுக்குக் கேட்டை நட்சத்திரம்

கோவில்பதாகை, ஆவடி
ஞாயிறு காலை

அன்புள்ள எழிலுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, அவருடைய சர்க்கரை, என் முழங்கால் வலி, நாலு பேரும் ஒரே வீட்டில் பெரிய சண்டையில்லாமல் இருக்கிறோம். அந்தக் கனடா குளிரில் நீயும் ஜெபாவும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அப்பா அடுத்த அறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒட்டுக்கேட்கிறார். உன்னோடு பேச மாட்டேன் என்று சபதம் போட்ட மனிதருக்கு நீ மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்பது வரை தெரிந்தாக வேண்டும். உன் நண்பன் ஜெகதீஷ் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் பையில் பருப்புப் பொடிக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன்.

முதலில் பயப்படாமல் ஒன்றைப் படி. போன மாதம் அப்பாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்ததில் ஒரு கோடு கோணலாக வந்தது. டாக்டர் மாத்திரையே போதும் என்று சொல்லிவிட்டார், நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்த ஒரு கோட்டில் அவருக்குப் பக்தி வந்துவிட்டது. முப்பது வருஷமாக நான் கோயிலுக்குள் போனால் வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவர், திடீரென்று பழைய கோயில்களை எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். மருமகள் சர்ச்சுக்குப் போகிறவள் என்று இரண்டு வருஷமாக உன்னோடு பேசாமல் இருப்பவரும் இதே மனிதர்தான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன வியாழக்கிழமை விடிந்ததும் நம் காரில் கிளம்பினோம். அவரை ஓட்ட விடாமல் கோவிந்தராஜ் என்று ஓர் ஆக்டிங் டிரைவரை அமர்த்தினேன். முதலில் திருநின்றவூர் இருதயாலீஸ்வரர். பூசலார் கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினாரே, அந்த இடம்தான், நெஞ்சு வலிக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். நம் ஃபிளாட்டைக் கட்டிய பில்டரும் அந்தப் பரம்பரைதான் போலிருக்கிறது, நீச்சல்குளத்தை இன்னும் மனசுக்குள்ளேயே கட்டிக்கொண்டிருக்கிறார். அப்பா சாமிக்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஈ.சி.ஜி. தாளை எடுத்து விரித்துப் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அடுத்தது திருப்பாச்சூர். அங்கிருந்து திருவாலங்காட்டுக்குப் போகும் வழியில் வயலுக்கு நடுவே டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்து பார்த்தால் ஸ்டெப்னியில் காற்று இல்லை. டாங்க் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர் வீட்டுக் காரின் ஸ்டெப்னியைத் தொட்டுப் பார்த்ததில்லை. கோவிந்தராஜ் நான் போறேன் சார் என்றான், இவர் ரோஷத்தில் கேட்கவில்லை. அந்த வழியாக வந்த ஒரு பால்காரரிடம் கெஞ்சி, அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஸ்டெப்னியைக் குழந்தை மாதிரி மடியில் கட்டிக்கொண்டு காற்றடிக்கப் போனார். திரும்பி வர முக்கால் மணி நேரம். நானும் கோவிந்தராஜும் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை என்ன பண்றாரும்மா என்று கேட்டான், போனில் உன் கல்யாணப் போட்டோவைக் காட்டி ஜெபாவின் பெயரையும் சொன்னேன். உங்கள் சண்டையைச் சொல்லவில்லை, அது எதற்கு வெளி ஆளுக்கு.

திருவாலங்காட்டில் சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி, அவர் காலைத் தலைக்கு மேல் தூக்கினார், அவள் கூச்சப்பட்டு நின்றாள், அதனால் அவருக்கு வெற்றி. நடுவர் யார் என்று அப்பாவிடம் கேட்டேன், கோயிலில் வாயை மூடு என்றார். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்டார். சுப்பராயன் கேட்டை, கோமளா ரோகிணி என்றார் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்க்காமல், எழில் பூசம் என்றார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. பின்னால் கைகூப்பி நின்ற கோவிந்தராஜ் சும்மா இருந்தானா. "இன்னா சார், மருமவ பேரை வுட்டுட்டீங்க. ஜெபாதானே? அம்மா போட்டோ காட்டுச்சு, ஜோடி சோக்கா கீது" என்றான். குருக்கள் தட்டோடு நிற்கிறார், வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அப்பா கழுத்தெல்லாம் வேர்த்து, கடைசியில் "ஜெபா" என்றார். நட்சத்திரம் என்றார் குருக்கள். அவளுக்கு ஏது நட்சத்திரம், கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடுகிற ஒன்றுதான். தெரியலைன்னா பரவாயில்லை, சாமி பேருக்கே பண்ணிடலாம் என்று குருக்கள் தன்மையாகச் சொன்னார். இவர் விடவில்லை. "இல்ல, அவ பேருக்கே பண்ணுங்க. கேட்டைன்னு சொல்லுங்க, என்னோடதுதான்" என்றார். பூரட்டாதி ஆயில்யம் என்று வேறு எதையாவது சொல்லியிருந்தால்கூட எனக்கு அழுகை வந்திருக்காது.

திரும்பும்போது திருவள்ளூர் தாண்டியதும், தப்பான நட்சத்திரத்தில் பண்ணிவிட்டோமே, அது போய்ச் சேருமா என்று கேட்டார். உங்களுக்குத்தான் நம்பிக்கை கிடையாதே என்றேன். அதுக்காக விலாசம் தப்பா எழுதலாமா என்று கோபப்பட்டார். அன்றிலிருந்து தினமும் ஒரு தடவை அவள் எப்போது பிறந்தாள் என்று கேட்கிறார். அதனால் ஜெபாவின் பிறந்த தேதியை எனக்கு அனுப்பிவை. இதற்காக டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே. உன் அப்பா ஒரே நாளில் திருந்துகிற ஆள் இல்லை, அவசரப்படுத்தினால் மறுபடி முறுக்கிக்கொள்வார்.

பொடி டப்பாவில் ஈரக் கரண்டியைப் போடாதே, ஜெபாவிடமும் சொல். இரண்டு பேரும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். திருவாலங்காட்டுக்காரரும் ஜெபாவின் கர்த்தரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
கோமளா

எழில், பொடி டப்பாவை எடுத்தபோது இது கண்ணில் பட்டது. நான் பால்காரரிடம் கெஞ்சவில்லை, அவராகத்தான் ஏற்றிக்கொண்டார். நட்சத்திரம் பார்க்கத் தேதி மட்டும் போதாது, பிறந்த நேரமும் ஊரும் வேண்டும். உன் அம்மா தப்பாக எழுதிக்கொள்வாள். என் நம்பருக்கே கூப்பிட்டுச் சொல்.
அப்பா