சாதா வண்டியா, ஸ்போர்ட்ஸ் வண்டியா

மார்ச் 2, 2008
மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டு மேசையில் மறுபடியும் சண்டை. முதலாளி வாகனம் வாங்கப்போவது ரப்பர் தோட்டம் முழுக்கத் தெரியும். எந்த வாகனம் என்பதும் முடிவாகிவிட்டது. இப்போது சண்டை அதே வாகனத்தில் எந்த மாடல் என்று. ஒன்று சாதா, மற்றது ஸ்போர்ட்ஸ். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே என்கிறார் முதலாளி. மகன் அலனுக்கு ஸ்போர்ட்ஸ்தான் வேண்டும்.

"சாதாவ கேகாலை டொக்டர் வெச்சிருக்காருப்பா. நாமளும் அதையே எடுத்து அவருக்குப் பின்னாடி போறதா?"

மேடம் சிரித்தார். குசினிக் கதவருகே நான் நின்று கேட்டதில் மீன் கருகிவிட்டது. மேடத்திடம் ஏச்சு விழுந்தது.

மார்ச் 3
என்ன ஏச்சு என்று நேற்று எழுதவில்லை. "லயத்து மூக்கு. கருகின வாசம்கூட ஏறாது." மேடத்தின் அப்பாவும் ஒரு காலத்தில் லயத்து வரிசை வீட்டில் இருந்து ரப்பர் பால் வெட்டியவர்தானாம். என் அப்பா சொன்னார். சொன்ன கையோடு, "வெளிய பேசிறாத புள்ள" என்றார். நான் எங்கே பேசினேன்? என் வாயிலிருந்து சத்தம் வந்து எத்தனை நாளாகிறது?

மார்ச் 9
அப்பா வண்டிக் கம்பனியின் இரண்டு வண்ணப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். அலன் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டவை. (பங்களாவில் எல்லாரும் அவனைச் சின்ன ஐயா என்று சொல்ல வேண்டும். இங்கே அவன் என்றுதான் எழுதுவேன்.)

"வாசி ஈசு. ஓட்டப்போறவன் நானு. தெரிஞ்சி வெச்சிக்கணும்."

அம்மா குவைத்துக்குப் போனபோது ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்திப் பங்களாக் குசினியில் விட்டார்கள். ஆங்கில அகராதி மட்டும் என்னோடு வந்தது. அதை வைத்துக்கொண்டு கராஜுக்குப் பின்னால் உள்ள எங்கள் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். சாதாவுக்கு டீசல் இஞ்சின். ஸ்போர்ட்ஸுக்குப் பெற்றோல், எட்டு சிலிண்டர். ஏழு செக்கனில் நூறு கிலோமீற்றர் வேகம் வந்துவிடுமாம். மெயின் ரோட்டிலிருந்து பங்களாவுக்கு மூன்று மைல் வர எங்கள் ஜீப்புக்கு இருபத்தைந்து நிமிடம். ஏழு செக்கனை எந்த வளைவில் வைத்து எண்ணுவானோ?

அப்பாவுக்கு வேகத்தில் அக்கறை இல்லை. "டயரப் பாரு. கீழ எவ்வளவு ஒசரம்னு பாரு."

பார்த்தேன். ஸ்போர்ட்ஸின் டயர் நாடாபோல மெலிசு. முன் பம்பர் சாதாவைவிட இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கிறது.

"அப்ப நம்ம பாதைக்கு சாதாதான்," என்றார் அப்பா. சந்தோசமாகப் படுத்தார்.

எங்கள் பாதையில் பதினொரு குறுக்குக் கான் இருக்கிறது. மழைத்தண்ணீர் பாதையோடு ஓடி மண்ணை அரிக்காமல் பக்கத்தில் திரும்புவதற்காகப் பாதைக்குக் குறுக்கே வெட்டியவை. ஜீப் ஒவ்வொன்றிலும் எருமை மாதிரி இறங்கி ஏறும். அந்தப் பம்பர் இறங்காது.

மார்ச் 16, ஞாயிறு
கோயிலுக்குப் போய் வந்து ஒன்பது மணிக்கே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.

அலன் சொன்னது: "ஸ்போர்ட்ஸ் எடுத்தா நான்தான் ஓட்டுவேன். கன்னையாட காலு ஜீப்ப ஒதைச்சிப் பழகின காலு. அத இதுல வெக்க வேணாம்."

முதலாளி: "அப்ப கன்னையா?"

"சாதா எடுத்தா அவனே ஓட்டட்டும். ஸ்போர்ட்ஸ் எடுத்தா டிரைவர் எதுக்கு? மம்பட்டி புடிக்கத் தெரியாதா அவனுக்கு?"

முதலாளி கறி போட்டுக்கொண்டார்.

என் அப்பா அவனாம். இருபத்து மூன்று வயதுப் பொடியன். அப்பாவின் ஜீப்பில்தான் ஒன்பது வருடம் பள்ளிக்கூடம் போனான். மழை நாளில் தூக்கிக்கொண்டு போய் வகுப்பறை வாசலில் இறக்கிவிடுவார்.

அப்பாவிடம் சொன்னேன். "வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கும்," என்றார்.

மார்ச் 17
நான் சாதா பக்கம். என்னை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 24
சனிக்கிழமை கொழும்பிலிருந்து விற்பனைக்காரர் இரண்டு வண்டியையும் கொண்டுவருகிறார். பங்களா வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாம். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். முதல் கானிலேயே ஸ்போர்ட்ஸின் மூக்கு உடையும்.

சாயந்தரம் அப்பா மம்பட்டியும் கூடையுமாக வந்து நின்றார். கால் முழுக்கச் சேறு.

"ஆறு கான மூடிட்டோம். மிச்சம் அஞ்சு நாளைக்கு."

வெளியாள் வந்தால் கான்களில் கல் போட்டு மண் நிரவி மூடுவது இங்கே வழக்கம்தான். பிஷப் வந்தபோது மூடினார்கள். மந்திரி வந்தபோதும். போன பிறகு திறந்துவிடுவார்கள். ஆனால் இது?

"மூடாதீங்கப்பா. அவன் வண்டி அடிபடட்டும்."

"முதலாளி பாதையப் பாத்துக்கன்னு சொன்னாரு."

"கான மூடச் சொன்னாரா?"

"அதச் சொல்லணுமா? வர்றவங்க வண்டி நம்ம பாதையில அடிபட்டா யாருக்கு மரியாத கேடு?"

"நம்ம பாதையா? யாருட பாதப்பா?"

அவர் காலைக் கழுவப் போய்விட்டார்.

ஏப்ரல் 26, சனி
வந்தவர் பெயர் ஜாபிர். அமைதியான ஆள். தேத்தண்ணி கொடுத்தபோது, "நல்லா இருக்கு தங்கச்சி," என்றார். இந்த வீட்டில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

முதலில் சாதா ஏறி வந்தது. பிறகு ஸ்போர்ட்ஸ். அலன்தான் ஓட்டினான். வாசலில் நிறுத்தி இறங்கும்போது புலி சுட்டவன் மாதிரி முகம். பம்பரில் ஒரு கீறல் இல்லை.

ஜாபிர் குனிந்து அடியைப் பார்த்தார். "ஐயா, சொல்லிப்போடுறது என்ட கடமை. இது கல்லுப் பாதைக்குச் செஞ்ச மாடல் இல்ல. இந்தப் பாத எப்பவும் இப்படித்தானா இருக்கும்?"

"எப்பவும் இப்படித்தான்," என்றான் அலன்.

முதலாளி அப்பாவைப் பார்த்தார். "என்ன கன்னையா?"

அப்பா கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "ஆமாங்க."

நான் தட்டோடு நின்றேன். பதினொரு கான் இருக்குதுங்க. மூன்றே சொல். சொல்லாமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 27
ஏன் சொல்லவில்லை? ஏன் சொல்லவில்லை?

மே 4
ஸ்போர்ட்ஸ். சிவப்பு. ஓகஸ்டில் கப்பலில் வருகிறது.

அப்பா மூடிய கான்களைத் திறந்துகொண்டிருக்கிறார், மழைக்கு முன்னால்.

ஓகஸ்ட் 17
போன வாரமே வந்துவிட்டது. நான்காவது கானில் உரசியது. சிவப்பில் வெள்ளையாக ஒரு கோடு. அலன் வாசலில் நின்று கத்தினான். கத்தியது கானைப் பார்த்து இல்லை, அப்பாவைப் பார்த்து.

"பதினொன்னையும் மூடு. இனித் தொறக்கக் கூடாது."

"மழை வந்தா பாத போயிருங்க, சின்னய்யா—"

"ஒங்கிட்ட ரோட்டப் பத்திக் கேட்டேனா?"

அப்பா மூடினார். நாலு நாள், தனியாக. நாலாம் நாள் முடித்துவிட்டு வந்தபோது முதலாளி கூப்பிட்டு, இனி டிரைவர் வேலை இல்லை, கராஜ் அறையும் சாமான் போடத் தேவை என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லையாம். பேப்பரைப் பார்த்துச் சொன்னாராம். இதைச் சொல்லும்போதும் அப்பா, "அவரும் பாவம், மகன மீற ஏலாது," என்கிறார்.

எனக்கு வந்த கோபம்! என்னப்பா பாவம்? ஒங்கள தொரத்துற வண்டிக்கு ஒங்க கையாலயே ரெண்டு தடவ பாத போட்டுக் குடுத்தீங்களே. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ! சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது.

செப்டம்பர் 1
கீழ்ப் பிரிவு லயத்தில் அத்தையின் காம்பரா அறையில் இருக்கிறோம். குசினி வேலைக்கு இனி வரமாட்டேன் என்று மேடத்துக்கு ஆளனுப்பிவிட்டேன். நேரில் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை. அத்தையோடு புல்லு வெட்டப் போகிறேன்.

செப்டம்பர் 15
பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லொறிக்கு அப்பாவை எடுத்திருக்கிறார்கள். பழைய லொறி. கியர் விழ மாட்டேன் என்கிறதாம். இதைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

இன்னும் நானும் அவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

ஒக்டோபர் 23
நான்கு நாளாகப் பின்னேர மழை. தண்ணீர் திரும்ப வழியில்லாமல் பாதையோடே இறங்கி ஓடுகிறது. ஏழாவது வளைவுக்குக் கீழே பாதை பாதி இல்லையாம், கல்லெல்லாம் எழும்பி நிற்கிறதாம். அத்தை சொன்னாள்: "செவப்பு வண்டி சேத்துல வயித்த வெச்சிப் படுத்திருக்கு. முன்பக்கம் கழண்டு தொங்குது."

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். வெட்கமில்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு
மதியம் முதலாளி லயத்துக்கு நடந்தே வந்தார். சப்பாத்து தெரியாத அளவுக்குச் சேறு. அவர் லயத்து வாசலில் நின்று நான் பார்த்ததே இல்லை. அத்தை பக்கத்து வீட்டில். அப்பா உள்ளே தடுப்புக்குப் பின்னால் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாசலில் நான்தான்.

"கன்னையா இருக்கானா புள்ள? ஜீப்ப கொண்டாந்து அந்த வண்டிய இழுக்கணும். அந்த ஜீப்பு அவன் கைக்குத்தான் கேக்கும். அலன் தொட்டா நின்னு போகுது. நாளைக்கு கொழும்புல ஒரு கலியாணத்துக்குப் போகணும் வேற."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"பழையபடி டிரைவர் வேலைக்கே வரச் சொல்லு. கராஜ் ரூமையும் தாரேன். நானே சொன்னேன்னு சொல்லு."

உள்ளே தட்டுச் சத்தம் நின்றது. எழும்பப் போகிறார். எனக்குத் தெரியும். ஆமாங்க என்று சொல்லிக்கொண்டே வருவார், வாயைக்கூடக் கழுவாமல்.

"அப்பா இல்லீங்க," என்றேன். "வேலைக்குப் போயிட்டாரு."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமாங்க."

"எப்ப வருவான்?"

"தெரியாதுங்க. அந்த வேல அவருக்குப் பிடிச்சிருக்கு. அங்க வர மாட்டாருங்க."

முதலாளி என் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார். வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. அதையும் பார்த்தார். நான் நகரவில்லை. அவர் மடித்த காற்சட்டையை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போனார். வளைவில் மறையும் வரை கதவை விடவில்லை.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அப்பா சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

தட்டை என் பக்கம் தள்ளி, "கொழம்பு இன்னும் இருக்கா?" என்றார்.