காலிக் குப்பி

பிப்ரவரி 10, திங்கள்

ரஃப் போட்டுப் பார்க்கத் தாள் தீர்ந்துவிட்டது. அம்மா ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு கட்டு கொண்டுவந்தாள். கூடுதலாக அச்சான கிராஃப் தாள்கள். கோடு இருக்கிற பக்கம் அவளுடையது, வெள்ளைப் பக்கம் என்னுடையது.

பிப்ரவரி 19

அம்மா சாப்பிடவில்லை. பேராசிரியர் எல்லார் முன்னாலும், "குப்பியக் கழுவாம பொடியப் போட்டிருக்க. இத்தனை நாள் வேலை குப்பையாப் போச்சு" என்றாராம். பதினோரு வருஷமாகப் பொடியை அளக்கிற அந்த மெஷினை ஓட்டுகிறவளைப் பார்த்து!

பிப்ரவரி 20

நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். படிகப் பொடிக்குள் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். நன்றாகக் குளிரவைத்தால் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி நிற்கும், கிராஃபில் ஊசி ஊசியாகக் கோடு எழும். சூடேற்றினால் ஒழுங்கு கலையும். அதற்குப் பிறகு ஒன்றுமே மிஞ்சாது என்று பேராசிரியர் எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. அம்மாவின் கிராஃபிலோ ஊசி இருந்த இடத்தில் தாழ்வாக, அகலமாக ஒரு மேடு. அது குப்பியில் ஒட்டிய அழுக்கு என்கிறார் அவர்.

"காலையில மணி அடிச்சா மைதானத்துல எல்லாரும் வரிசையா நிப்பீங்க. கலைஞ்சதுக்கப்புறம்?"

"அவங்கவங்க பாட்டுக்குத் திரும்பி நிப்போம்."

"நீயும் உன் தோழியுமா?"

"நாங்க ஒரே பக்கம்தான் பாத்துட்டு நிப்போம்."

"அதான் அந்த மேடு. மொத்தக் கூட்டத்துக்கு வரிசை கிடையாது. பக்கத்துல பக்கத்துல இருக்கிறதுங்க மட்டும் ஒத்துப்போகுது."

இன்னும் சூடேற்றினால் அந்த மேடும் கரைந்துவிடுகிறதாம். குளிர்ந்தால் திரும்ப வருகிறதாம். அழுக்கு அப்படிப் போய்விட்டுப் போய்விட்டு வருமா? ஏழாவது படிக்கிற எனக்கே புரிகிறது. அவருக்குப் புரியாதா? புரிந்துதான் சொல்கிறார்.

பிப்ரவரி 24, திங்கள்

அம்மாவை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. வேலை போனால் வீடும் போகும், இது ஊழியர் குடியிருப்பு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 25

பொடி போடுவதற்கு முன்னால் அம்மா காலிக் குப்பியை வைத்து ஒரு தடவை மெஷினை ஓட்டுவாள் — எப்போதும். குப்பி சுத்தம் என்பதற்கு அதுதான் சாட்சி. கோப்பில் வைத்த அந்தத் தாளைக் காணோமாம். மெஷினும் பத்து நாள் பதிவுக்கு மேல் வைத்துக்கொள்ளாதாம்.

சட்டென்று உறைத்தது. என் தாள்கட்டைப் பிரித்துக் கொட்டினேன். இருக்கிறது! என் பின்னக் கணக்குக்குப் பின்னால்! "காலிக் குப்பி" — அம்மாவின் எழுத்து. பிப்ரவரி 7, மெஷின் எண் எல்லாம் இருக்கிறது. கோடு தட்டையாகப் போகிறது. மேடு இல்லை.

காட்டினேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இத வெளிய எடுக்காத கண்ணு. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்னு தெரிஞ்சா திருடின்னு சொல்லிடுவாங்க."

இப்போது மட்டும் நல்ல பேரா சொல்கிறார்கள்? என்னம்மா நீ!

பிப்ரவரி 26

தாள் என் தலையணை உறைக்குள். திரும்பிப் படுத்தால் சரசரக்கிறது. அம்மாவுக்குக் கேட்குமோ?

பிப்ரவரி 27, வியாழன்

போய்விட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, சீருடையோடு.

"யாரப் பாக்கணும் பாப்பா?" என்றார் காவலாளி. "எங்கம்மாவ" என்றேன். பொய் இல்லையே.

நீளமான மேசை. நடுவில் இயக்குநர் அம்மா, பக்கத்தில் பேராசிரியர். எங்கள் அம்மா மட்டும் ஓரத்து நாற்காலியில், தண்டனைக்கு உட்கார்த்திவைத்த பிள்ளை மாதிரி. தாளை மேசையில் வைத்தேன். பேராசிரியர் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா இது, பின்னமா? மூணாவது கணக்கு தப்பு."

"அந்தப் பக்கம் இல்ல சார். திருப்புங்க."

அவர் திருப்பவில்லை. இயக்குநர் வாங்கித் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தேதி, எண் எல்லாம் சரியா இருக்கு. கோப்புல வெச்சது எங்க சார்?"

"ஆய்வுக்கூடத் தாள் வீட்டுக்கு எப்படிப் போச்சுன்னு முதல்ல கேளுங்க!"

அம்மா எழுந்துவிட்டாள். "நான்தான் எடுத்துட்டுப் போனேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா குப்பி சுத்தம்."

வெளியே வந்ததும் என் காதைத் திருகினாள். அப்புறம் வீடு வரும்வரை கையை விடவே இல்லை.

மார்ச் 4

மூன்றாவது கணக்கு நிஜமாகவே தப்பு. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 11

அம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பேராசிரியருக்குக் கடிதம் இல்லை. தொலைந்த தாளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு மன்னிப்பு? ஒரே ஒரு வார்த்தை? அதுவும் இல்லை! மேட்டைப் பற்றி இப்போது அவரே கட்டுரை எழுதுகிறாராம், தானே கண்டுபிடித்த மாதிரி.

மார்ச் 19

அம்மா ரஃப் நோட்டு வாங்கிவந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை.

இன்று புதுப் பொடி வந்ததாம். அம்மா காலிக் குப்பியை ஓட்டி, தாளைப் பேராசிரியரிடம் நீட்டி, "கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம்தான் பொடி" என்றாளாம்.

"போட்டாரா?"

"பேனா இல்லைன்னார். என் பேனாவக் குடுத்தேன்."